துருக்கி அண்டை நாடுகளோடு ஏன் சண்டையும் சமாதானமுமாக மாறி மாறி நிற்கிறது?

கதிரவன்_க கேட்டது:

வணக்கம் நண்பர்களே. அரசியல் அறிவியல் முதுகலைக்காகத் துருக்கியின் வெளியுறவு பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

2009-ல் சிரியாவுக்குப் போக விசாவே வேண்டாம் என்றார்கள். 2011 முடிவதற்குள் சிரிய அதிபர் அசாத் பதவி விலக வேண்டும் என்றார்கள். 2022 டிசம்பரில் அதே அசாத்தின் பாதுகாப்பு அமைச்சரோடு மாஸ்கோவில் உட்கார்ந்து பேசினார்கள். ரஷ்யப் போர் விமானத்தை 2015 நவம்பரில் சுட்டு வீழ்த்தினார்கள். 2019 ஜூலையில் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகள் துருக்கியத் தலைநகர் அங்காராவில் வந்து இறங்குகின்றன. கிரேக்கப் பிரதமர் மிட்சோடாகிஸ் என்று ஒருவர் தனக்கு இனி இல்லவே இல்லை என்று 2022 மே மாதம் சொன்ன துருக்கிய அதிபர் எர்தோவான், 2023 டிசம்பரில் ஏதென்ஸுக்கே போய் அவரோடு நட்புப் பிரகடனத்தில் கையெழுத்திடுகிறார்.

என் வழிகாட்டி 'எல்லாம் பழைய உஸ்மானிய (ஓட்டோமான்) பேரரசின் ஆசை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆசைதான் காரணமென்றால் ஒரே திசையில் போயிருக்க வேண்டுமே, ஏன் இத்தனை திரும்பல்கள்? அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

யாழினி_எஸ் பதில்:

உங்கள் வழிகாட்டி சொன்னது முழுக்கத் தவறில்லை. 2009-ல் வெளியுறவு அமைச்சரான அகமத் தாவுதோலு 'அண்டை நாடுகளோடு பிரச்சினை பூஜ்யம்' என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். பால்கன், அரபு நாடுகள், காகசஸ் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே குடையின் கீழ் இருந்தவை, அந்த வரலாற்று உறவைத் திரும்பக் கட்டலாம் என்பது அதன் உள்ளே இருந்த எண்ணம். 2011-ல் அரபு வசந்தம் என்ற மக்கள் எழுச்சி வந்ததும் அது உடைந்தது. பழைய ஆட்சியாளர்களோடு நட்பா, தெருவில் இறங்கிய மக்களோடு நட்பா என்று கேள்வி வந்தபோது அங்காரா மக்கள் பக்கம் பந்தயம் கட்டியது, தோற்றது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தோல்வியைச் சரிக்கட்டும் முயற்சி. கட்டுரைக்கு இந்த வரிசையே போதும் என்பது என் கருத்து.

துறைமுகத்தான் பதில்:

தம்பி கதிரவன், நான் மெர்சின் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் தொழிலில் பல வருடம் இருந்தவன். எந்த லாரி எந்த எல்லைக் கதவு வழியாகப் போகலாம், எது மூடிக்கிடக்கிறது, எந்த நாட்டுக்கான பெர்மிட் தீர்ந்துவிட்டது என்று பார்ப்பதுதான் என் அன்றாடம். வெளியுறவு அமைச்சகம் என்ன நினைக்கிறது என்பதைச் செய்தித்தாள் சொல்வதற்கு முன்பே கஸ்டம்ஸ் வாசலில் நிற்கும் டிரைவர் சொல்லிவிடுவார். அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

யாழினி சொன்ன வரிசை சரி. ஆனால் அதை மட்டும் வைத்து எழுதினால் 2009-தான் தொடக்கம் என்று ஆகிவிடும். இந்தத் திரும்பல்கள் அதற்கு வெகு முன்பே உண்டு. இன்னொன்று, 'அண்டை நாடுகள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு எல்லையிலும் வேறு வேறு வழக்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே பயம். இருக்கிற நிலம் போய்விடுமோ என்ற பயம். 1920 ஆகஸ்டில் செவ்ர் ஒப்பந்தம் உஸ்மானிய நாட்டைக் கூறுபோட்டது: இஸ்மிர் கிரேக்கரின் நிர்வாகத்துக்கு, கிழக்கில் ஆர்மீனியா, தென்கிழக்கில் குர்து மக்களுக்குத் தன்னாட்சி. அதை ஏற்க மறுத்துப் போரிட்டு, 1923 ஜூலை 24 லோசான் ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் இன்றைய துருக்கி. பள்ளிப் பிள்ளைகூட இந்த இரண்டு பெயர்களையும் சொல்லும். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'பழையதைப் பிடிக்கும் ஆசை' என்று பார்க்கும் இடத்தில், உள்ளே இருப்பவர்கள் 'மறுபடி வெட்டுவார்கள்' என்றுதான் பார்க்கிறார்கள். இதைச் சேர்க்காமல் எழுதினால் உங்கள் கட்டுரை நொண்டும்.

சிரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த எல்லை அது. மனவருத்தம் பழையது. அந்தாக்யா, இஸ்கெந்தெருன் அடங்கிய பகுதி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் சிரியாவோடு இருந்தது. 1938-ல் ஒரு வருடத்துக்குள் ஆயுள் முடிந்த ஒரு குட்டிக் குடியரசாகி, 1939-ல் ஹதாய் என்ற பெயரில் துருக்கியோடு சேர்ந்தது. சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் அதை மனதார ஏற்கவே இல்லை. சிரிய வரைபடங்களில் ஹதாய் வெகுகாலம் சிரியாவுக்குள்தான் இருந்தது. அதோடு யூப்ரடீஸ் தண்ணீர். அதோடு துருக்கி அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய குர்து இயக்கமான பி.கே.கே.யின் தலைவர் ஓஜலானுக்கு டமாஸ்கஸ் கொடுத்த அடைக்கலம்.

1998 செப்டம்பரில் துருக்கியத் தரைப்படைத் தளபதி எல்லை ஊரான ரெய்ஹான்லியில் நின்று பொறுமை முடிந்துவிட்டது என்று எச்சரித்தார். படைகள் எல்லையை நோக்கி நகர்ந்தன. அக்டோபரில் ஓஜலான் சிரியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார், அதே மாதம் 20-ஆம் தேதி, பி.கே.கே.க்கு இடம் தரமாட்டோம் என்று சிரியா ஏற்ற அதானா ஒப்பந்தம். அதற்கு அடுத்த பத்து வருடங்களைத்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பொற்காலம் என்பார்கள். 2007-ல் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2009-ல் விசா போனது. காஸியான்டெப்பிலிருந்து குடும்பத்தோடு அலெப்போவுக்குக் கடைக்குப் போய் மாலைக்குள் திரும்பினார்கள். ஹதாய் மாகாணம் லாரிகளுக்குப் பெயர்போனது. அங்கே அப்பாவும் பிள்ளையும் ஒரே தடத்தில் ஓட்டுவார்கள்: ஜில்வெகோஸு கதவைத் தாண்டினால் பாப் அல்-ஹவா, பிறகு அலெப்போ, டமாஸ்கஸ், நசீப், ஜோர்டான், சவூதி. அந்த ஒரு சாலைதான் துருக்கியை வளைகுடாவோடு இணைத்தது.

கவனியுங்கள், போர் வாசலில் நின்ற இரண்டு நாடுகள் நண்பர்களானது அன்பினால் அல்ல. பி.கே.கே. அந்தப் பக்கம் இல்லை என்று உறுதியானதும் துருக்கிக்குப் பயம் விலகியது. பயம் விலகிய இடத்தில் வியாபாரம் உடனே வந்து உட்கார்ந்தது.

2011 ஆகஸ்ட் 9 அன்று தாவுதோலு டமாஸ்கஸ் போய் அசாத்தோடு ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. நவம்பரில் தடைகள், டிசம்பரில் சிரியா வர்த்தக ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. 2012 ஜூனில் துருக்கியின் எஃப்-4 விமானத்தைச் சிரியா வீழ்த்தியது. அக்டோபரில் துருக்கி எல்லை ஊரான அக்ச்சகாலேக்குள் சிரியாவிலிருந்து குண்டு விழுந்து ஒரே இடத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். 2013 மே மாதம் ரெய்ஹான்லியில் கார் குண்டுகள், ஐம்பதுக்கு மேற்பட்டோர் சாவு. அந்த ஊர்க்காரர்கள் எங்களோடு தொழில் செய்தவர்கள். அந்த வாரம் அவர்களுக்குத் தொலைபேசியில் என்ன சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

வளைகுடா சாலை செத்தது. சரக்கு நிற்காதே. ஆகவே இஸ்கெந்தெருனிலிருந்து லாரிகள் ஓட்டியே ஏறி இறங்கும் ரோ-ரோ கப்பலில் அவற்றை ஏற்றி எகிப்துக்கு அனுப்பி, அங்கிருந்து தரைவழியே செங்கடல் வரை ஓட்டி, மறுபடி கப்பலேற்றி சவூதியின் துபா துறைமுகத்தில் இறக்கினோம். ஒரு லாரி இரண்டு கடல் தாண்டியது. 2013 ஜூலையில் கெய்ரோவில் அதிபர் மோர்சியின் ஆட்சி கவிழ்ந்ததும் எகிப்தோடும் முறிவு. 2015 ஏப்ரலில் இந்தக் கப்பல்வழி ஒப்பந்தத்தின் காலம் முடிந்தபோது எகிப்து அதைப் புதுப்பிக்கவில்லை. ஒரு அண்டை நாட்டோடு சண்டை போட்டால் அந்தச் சுமை இன்னொரு நாட்டின் மேல் விழுகிறது, அவரோடும் சண்டை என்றால் போக வழியே இல்லை. அங்காரா எகிப்தோடு பிறகு சமாதானமானதற்கு (2024 பிப்ரவரியில் எர்தோவான் கெய்ரோ போனார்) இப்படிப்பட்ட கணக்குகளும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

2016-க்குப் பிறகு சிரியாவில் துருக்கி படையோடு இறங்கியது ஏன்? அசாத்தை விரட்டவா? இல்லை. யூப்ரடீஸுக்கு மேற்கே ஐ.எஸ். பயங்கரவாத இயக்கத்தை விரட்டும் கையோடு, எல்லை நெடுக ஒரு குர்து ஆட்சிப்பகுதி ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் வெட்டுவதற்கு. 2018-ல் அஃப்ரினையும், 2019 அக்டோபரில் தெல் அப்யாத், ராஸ் அல்-ஐன் ஊர்களையும் பிடித்தது. தேதிகளை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். 2011-ல் அசாத் எதிரி. சில வருடத்தில் அசாத் இரண்டாம்பட்சம். பிறகு சுமார் 36 லட்சம் சிரிய அகதிகள் உள்ளே, பணவீக்கம், ஊருக்கு ஊர் முணுமுணுப்பு. அதனால்தான் நீங்கள் சொன்ன மாஸ்கோ பேச்சு. 2024 ஜூலையில்கூட எர்தோவான் அசாத்தை அழைக்கத் தயார் என்றார். அசாத் வரவில்லை. டிசம்பர் 8-ல் ஆட்சியே போய்விட்டது. அந்த மாதமே துருக்கிய உளவுத் தலைவரும் வெளியுறவு அமைச்சர் ஹகான் ஃபிதானும் டமாஸ்கஸில் இருந்தார்கள். புதிய தலைவர் அல்-ஷரா 2025 பிப்ரவரியில் அங்காரா வந்தார்.

ஈராக் இன்னும் தெளிவான சாட்சி. வடக்கு ஈராக்கில் குர்து அரசு என்ற பேச்சையே ஒரு காலத்தில் துருக்கி பொறுக்கவில்லை. ஆனால் ஈராக் எல்லையின் ஹபூர் கதவில் லாரி வரிசை நாளுக்கு நாள் நீண்டது. மாவு, சிமெண்ட், கம்பி, சோப்பு எல்லாம் அந்தப் பக்கம் போயின. 2011 மார்ச்சில், அப்போது பிரதமராக இருந்த எர்தோவான் ஈராக்கிய குர்துகளின் தலைநகரான எர்பில் போனார், அங்கே போன முதல் துருக்கியப் பிரதமர் அவர்தான். 2017 செப்டம்பரில் குர்துகள் தனிநாட்டு வாக்கெடுப்பு நடத்தியதும் எண்ணெய்க் குழாயை மூடுவோம், கதவை மூடுவோம் என்று அதே எர்தோவான் மிரட்டினார். எங்கள் அலுவலகத்தில் மாற்று வழி தேடி எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஹபூர் மூடப்படவில்லை. குர்து எதிர்ப்பும் குர்து வியாபாரமும் ஒரே எல்லையில், ஒரே ஆட்சியின் கீழ், ஒரே நேரத்தில் நடக்கும். மலையில் பி.கே.கே. முகாம்கள் மேல் விமானம் குண்டு போடும். கீழே சாலையில் லாரி போகும். இதை நான் பார்த்துப் பார்த்துப் பழகினேனே தவிர, மனம் ஒப்பியதில்லை.

ரஷ்யா பற்றிச் சுருக்கமாக. விமானம் விழுந்த சில நாட்களிலேயே ரஷ்யா தடைகளை அறிவித்தது. 2016 ஜனவரி 1 முதல் துருக்கியின் தக்காளி உட்படப் பல காய்கனிகளுக்குத் தடை. அந்தால்யா பக்கத்துத் தக்காளி ரீஃபர் (குளிர்பதன) லாரிகளில் வீணாய் நின்றது. சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது. 2016 ஜூனில் எர்தோவான் புதினுக்கு வருத்தக் கடிதம் எழுதினார். ஜூலை 15 ராணுவக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு அவர் ஆகஸ்ட் 9-ல் பீட்டர்ஸ்பர்க் போனார். தக்காளித் தடை முழுக்க நீங்க அதற்கு மேலும் காலமானது. எரிவாயு, ரஷ்யா கட்டும் அக்குயூ அணுமின் நிலையம், தக்காளி, சுற்றுலா என்று இத்தனை கயிறுகள் இருக்கும்போது வெட்டிக்கொள்ள முடியாது. ஆனால் அதே துருக்கி உக்ரைனுக்கு பைரக்தார் ட்ரோன் விற்கிறது, கிரிமியாவை ரஷ்யாவின் நிலமாக ஏற்கவில்லை, 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் 1936 மோன்த்ரோ உடன்படிக்கையைக் காட்டிப் போர்க்கப்பல்களுக்குக் கருங்கடல் நீரிணைகளை மூடியது. நாங்கள் கருங்கடல் தானியக் கப்பல்கள் மீண்டும் ஓடுவதற்காகக் காத்திருந்தோம். 2022 ஜூலை 22-ல் இஸ்தான்புல்லில் கையெழுத்தான, உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியே போகவிடும் ஒப்பந்தம், இரண்டு பக்கமும் பேச்சு வைத்திருக்கும் நாடு ஒன்று தேவை என்பதைக் காட்டியது.

கிரீஸ், ஆர்மீனியா பற்றிக் கேட்டால் தனியாக எழுதுகிறேன். கை வலிக்கிறது.

இளவேனில்_ரா பதில்:

அண்ணா, அருமை. ஆனால் பயம் மட்டும்தான் என்பதை ஏற்க முடியவில்லை. 2017 டிசம்பரில் எர்தோவான் ஏதென்ஸ் போனார், 65 வருடத்தில் அங்கே போன முதல் துருக்கிய அதிபர். போன இடத்திலேயே லோசான் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்றார். 2020-ல் ஹாகியா சோபியாவை மசூதியாக்கினார். 'நீலத் தாயகம்' என்ற கடல் உரிமைக் கோட்பாட்டின் பெயரில், கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஏகன் கடலில் பாதியை வரைந்து காட்டுகிறார்கள். இது பயந்தவன் செய்கிற வேலையா?

கதிரவன்_க பதில்:

இளவேனில் கேட்டதே என் கேள்வியும். கூடவே ஆர்மீனியா. அங்கே குர்து பிரச்சினையும் இல்லை, வியாபாரத்துக்குத் தடை போடவும் காரணம் இல்லை. உங்கள் விளக்கத்தின்படி கதவு திறந்திருக்க வேண்டுமே?

துறைமுகத்தான் பதில்:

இளவேனில், நல்ல கேள்வி. ஆசையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் அது கேட்கிறது, வாக்காகவும் மாறுகிறது. ஆனால் அது எந்த இடத்தில் செயலாகிறது என்று பாருங்கள். சிரியாவுக்குள் யூப்ரடீஸ் கரையில் சுலைமான் ஷாவின் சமாதி இருந்தது. உஸ்மானிய வம்சத்தை நிறுவிய உஸ்மானின் பாட்டனார் என்று மரபு சொல்லும் மனிதர். 1921-ல் பிரான்சோடு செய்த அங்காரா ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவுப்படி அந்த இடம் துருக்கியின் சொத்து, துருக்கிய வீரர்கள் காவல் நிற்கலாம். துருக்கிக் கொடி எல்லைக்கு வெளியே சொந்த நிலமாகப் பறந்த ஒரே துண்டு நிலம் அது. 2015 பிப்ரவரியில் ஐ.எஸ். சூழ்ந்தபோது என்ன செய்தார்கள்? இரவோடு இரவாகப் படை உள்ளே போய், எலும்புகளை எடுத்துக்கொண்டு, கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, எல்லையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி எஷ்மே கிராமத்தருகே வைத்துக்கொண்டார்கள். போன வழி குர்துகள் பிடித்து வைத்திருந்த கொபானி வழி. பேரரசுக் கனவு மட்டும் ஆட்டிவைத்திருந்தால் அந்த நிலத்துக்காகச் சண்டை போட்டிருப்பார்கள். அங்காரா சண்டை இல்லாமல் எல்லையருகே வந்துவிடுவதையே தேர்ந்தது.

கிரீஸில் நிலைமை வேறு. அங்கே இரண்டு பக்கமும் பயம்தான். பல கிரேக்கத் தீவுகள் துருக்கியக் கரைக்கு மிக அருகில் இருக்கின்றன. கிரீஸ் தன் கடல் எல்லையை 12 மைலாக விரித்தால் ஏகன் கடலில் தங்கள் கப்பல் வெளியே போக இடமிருக்காது என்பது துருக்கியின் வாதம். 1995 ஜூனில் அதைப் போருக்கான காரணமாகவே நாடாளுமன்றம் அறிவித்தது. மறுபக்கம், 1974-ல் சைப்ரஸில் இறங்கிய படை இன்னும் அங்கே இருக்கும்போது தீவுகளைப் பற்றிக் கிரேக்கர்கள் நிம்மதியாகத் தூங்க முடியுமா? 1996-ல் ஆள் இல்லாத இரண்டு பாறைகளுக்காக இரண்டு கடற்படைகளும் மோதும் அளவுக்கு வந்தன. 1999 ஆகஸ்ட் 17 இஸ்மித் நிலநடுக்கத்தில் கிரேக்க மீட்புக் குழு ஓடி வந்தது. செப்டம்பரில் ஏதென்ஸ் குலுங்கியபோது துருக்கியர்கள் போனார்கள். அந்த டிசம்பரில் ஹெல்சிங்கியில் துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளராக ஏற்கப்பட்டபோது கிரீஸ் தடுக்கவில்லை. ஆனால் நிலநடுக்கம்தான் சமாதானம் தந்தது என்று எழுதாதீர்கள். வெளியுறவு அமைச்சர்கள் இஸ்மாயில் ஜெமும் ஜார்ஜ் பாப்பண்ட்ரேயுவும் அதற்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தார்கள். நிலநடுக்கம் மக்களின் சம்மதத்தைத் தந்தது.

2023 பிப்ரவரி 6 நிலநடுக்கம் எங்கள் பக்கம். அந்தாக்யா தரைமட்டம். இஸ்கெந்தெருன் துறைமுகத்தில் கன்டெய்னர்கள் நாள்கணக்கில் எரிந்தன. துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் போனார்கள். நான் மேலே சொன்ன ஹதாய் டிரைவர் குடும்பங்களில் சிலவற்றை அதற்குப் பிறகு என்னால் தேடிப் பிடிக்க முடியவில்லை. அந்த வாரமே கிரேக்க வெளியுறவு அமைச்சர் தெந்தியாஸ் வந்து துருக்கிய வெளியுறவு அமைச்சர் சாவுஷோலுவைக் கட்டியணைத்தார். அதற்கு முந்தைய வருடம் முழுக்க இருவருக்குமிடையே பேச்சில் நெருப்புப் பறந்தது. நீங்கள் கேட்ட 2023 டிசம்பர் பிரகடனத்துக்கு வழி அங்கேதான் திறந்தது. 12 மைல், சைப்ரஸ், கண்டத்திட்டு (கடலடி நிலத்தின் உரிமை) எதுவும் தீரவில்லை. தீராத வழக்கை வைத்துக்கொண்டே பேசுவது எப்படி என்று மட்டும் கற்றிருக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிது.

கதிரவன், ஆர்மீனியா பற்றி நீங்கள் கேட்டது என் விளக்கத்துக்கு மிகக் கடினமான இடம். அங்கே கதவை மூடியது துருக்கியின் சொந்த வழக்கு அல்ல. 1991 டிசம்பரில் துருக்கி ஆர்மீனியாவின் விடுதலையை ஏற்றது. கார்ஸ் - கியூம்ரி ரயில் ஓடியது. 1993-ல், ஆர்மீனியரும் அஜர்பைஜானும் மோதிய நாகோர்னோ-கராபாக் போரில் ஆர்மீனியப் படை அஜர்பைஜானின் கெல்பஜாரைப் பிடித்ததும், அஜர்பைஜானுக்கு ஆதரவாக ஏப்ரலில் துருக்கி எல்லையை மூடியது. உஸ்மானிய ஆட்சியில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்ட 1915 இனப்படுகொலையை அங்காரா இன்றும் அந்தப் பெயரால் ஏற்பதில்லை என்பது அதன் அடியில் கிடக்கும் பெரிய காயம். ஆனால் கதவின் பூட்டுக்குச் சாவி அஜர்பைஜான் தலைநகர் பாகுவில்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் இதன் பொருள் என்ன தெரியுமா? கார்ஸ் பக்கம் அனி இடிபாடுகளில் நின்றால் ஆற்றுக்கு அந்தக் கரை ஆர்மீனியா, கண்ணுக்கெதிரே தெரியும். ஆனால் துருக்கியிலிருந்து ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்குச் சரக்கு போக வேண்டுமென்றால் ஜார்ஜியா முழுக்கச் சுற்ற வேண்டும். எல்லை மூடியிருந்தாலும் துருக்கியச் சாமான்கள் ஆர்மீனியக் கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. கூடுதல் விலையை ஆர்மீனிய வீடுகள் கொடுத்தன. கார்ஸ் வியாபாரிகளும் இழந்தார்கள், அவர்கள் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2008 செப்டம்பரில் கால்பந்துப் போட்டி பார்க்கத் துருக்கிய அதிபர் அப்துல்லா குல் யெரெவான் போனார். 2009 அக்டோபர் 10-ல் சூரிச்சில் உறவைத் தொடங்கும் உடன்பாடுகள் கையெழுத்தாயின. பாகு கோபித்தது. இரண்டு நாடாளுமன்றங்களும் அவற்றை நிறைவேற்றவில்லை. 2018-ல் ஆர்மீனியா ரத்து செய்துவிட்டது. 2020 போரில் அஜர்பைஜான் பெருமளவு நிலத்தைத் திரும்பப் பிடித்த பிறகுதான் மறுபடி பேச்சு. 2022 பிப்ரவரியில் இஸ்தான்புல் - யெரெவான் விமானங்கள். 2023 பிப்ரவரி 11-ல் நிலநடுக்க உதவியோடு ஐந்து ஆர்மீனிய லாரிகள் எல்லையின் மர்காரா பாலத்தைத் தாண்டி, நிலநடுக்கம் தாக்கிய ஆதியமன் நோக்கி வந்தன. முப்பது வருடத்தில் அந்தப் பாலத்தில் முதல் லாரிகள். செய்தியைப் பார்த்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒரு துருக்கிய டிரைவர் அழுதுவிட்டார். 2025 ஜூனில் ஆர்மீனியப் பிரதமர் பஷின்யன் இஸ்தான்புல் வந்து எர்தோவானைச் சந்தித்தார்.

ஆகவே கட்டுரையில் 'பயம் விலகினால் வியாபாரம்' என்ற என் கூற்றை எழுதும்போது ஆர்மீனியாவைத் தனியே வையுங்கள். அது ஒரு நண்பனுக்காகச் சுமந்த பகை.

நீர்வழி_மு பதில்:

அண்ணா, யூப்ரடீஸ் பற்றி ஒரு வரியில் சொல்லிப் போய்விட்டீர்கள். அணைதான் உண்மையான ஆயுதம் என்று படித்தேன். கதிரவனுக்கும் பயன்படும், கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?

துறைமுகத்தான் பதில்:

முடியும். 1987 ஜூலையில் துருக்கியும் சிரியாவும் இரண்டு உடன்பாடுகள் செய்தன. ஒன்றில், சிரியாவுக்கு நொடிக்கு 500 கன மீட்டர் தண்ணீர் விடுவதாகத் துருக்கி ஏற்றது. கூடவே கையெழுத்தான இன்னொன்று பாதுகாப்பு பற்றியது. தண்ணீரும் பி.கே.கே.யும் ஒரே மேசையில் பேசப்பட்டதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1990 ஜனவரியில் அதாதுர்க் அணையை நிரப்ப ஒரு மாதம் யூப்ரடீஸ் நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே கூடுதல் தண்ணீர் விட்டு ஈடு செய்தோம் என்று அங்காரா சொன்னது; சிரியாவும் ஈராக்கும் கொதித்தன. தங்களுக்குள் பகையாய் இருந்த டமாஸ்கஸும் பாக்தாதும், எல்லை தாண்டி வரும் தண்ணீரில் ஈராக்குக்கு 58 சதவீதம், சிரியாவுக்கு 42 சதவீதம் என்று அந்தக் காலத்தில் பங்கு போட்டுக்கொண்டன. துருக்கிமேல் இருந்த கோபம் அவர்களைச் சேர்த்துவைத்தது.

'ஆயுதம்' என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அணைகள் ஷன்லிஉர்ஃபா, ஹர்ரான் சமவெளிக்குப் பருத்தியும் மின்சாரமும் தரக் கட்டியவை, அந்த ஊர் விவசாயிகளின் வாழ்வை மாற்றியவை. ஆனால் கீழே இருப்பவனின் தண்ணீர் மேலே இருப்பவனின் கையில் என்பது ஒரு அச்சுறுத்தல்தான், அவன் வாய் திறந்து மிரட்டவே வேண்டாம். இன்றைக்கு ஈராக்கின் வறட்சியில் இது பெரிதாகிக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் எர்தோவான் பாக்தாத் போனபோது தண்ணீர் பற்றிய ஒப்பந்தமும், ஈராக்கின் ஃபாவ் துறைமுகத்திலிருந்து துருக்கி எல்லை வரை வரும் 'வளர்ச்சிப் பாதை' சாலை-ரயில் திட்டமும் ஒரே பயணத்தில் கையெழுத்தாயின. ஈராக்கிலிருந்து துருக்கிக்கு வரும் எண்ணெய்க் குழாய் அப்போது மூடிக்கிடந்தது. பாரிஸ் நடுவர் மன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2023 மார்ச்சில் நின்ற கிர்குக் - ஜெய்ஹான் ஓட்டம் 2025 செப்டம்பரில்தான் திரும்பியது.

கதிரவன், உங்கள் கட்டுரைக்கு ஈராக்கையே மையமாக வைத்தால் என்ன? தண்ணீர், எண்ணெய், குர்து, சாலை நான்கும் ஒரே எல்லையில் கிடைக்கும். 1926 ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள். மோசுல் ஈராக்குக்குப் போனது, 25 வருடத்துக்கு அதன் எண்ணெய் வருமானத்தில் பத்து சதவீதம் துருக்கிக்கு என்று எழுதிக்கொண்டார்கள். பி.கே.கே. 2025 மே மாதம் தன்னைக் கலைப்பதாக அறிவித்தது, ஜூலையில் சுலைமானியா அருகே முதல் ஆயுதங்களை எரித்தது. அது நிலைத்தால் ஹபூர் வரிசையில் என்ன மாறும் என்ற கேள்வியை உங்கள் வழிகாட்டியிடம் வையுங்கள். எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், எல்லைக் கதவுகளின் பெயர்களில் பிழை இருந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன்.